தலைகீழாகத் தெரிந்த பால்கனி

“பட்டப்பகல்ல எந்த நட்சத்திரம் சார் தெரியும்? நீங்களே சொல்லுங்க.”

குடியிருப்புச் சங்கத்தின் செகரெட்டரி சட்டையை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இன்னும் இரண்டு வயது முடியவில்லை. கனம் மட்டும் நாலு வயசுக்கு.

“திங்கட்கிழமையிலேருந்து பார்க்கறேன். சாயந்திரம் அஞ்சரை ஆனாப் போதும், எதிர் பிளாக் மொட்டை மாடியில அந்த ஆள் டெலஸ்கோப்போட வந்து நின்னுடறார். வானத்தைப் பார்த்தா நான் ஏன் கேட்கப் போறேன்? குழாய் நேரா என் பால்கனியைப் பார்க்குது. என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிஃப்ட். வீட்ல நானும் பாப்பாவும்தான். கதவைத் திறக்கவே பயமா இருக்கு.”

“லிஃப்ட் மெக்கானிக்தானேம்மா? வாயே திறக்க மாட்டாரே...”

“வாயைத் திறக்காதவங்களைத்தான் சார் நம்பக் கூடாது.”

செகரெட்டரி தயங்கினார்.

“உங்களை நம்பித்தான் வந்திருக்கேன். பால்கனி கம்பி ஆடறது அந்த வீட்ல இருக்கற எனக்கே தெரியல. நீங்களாப் பார்த்து காலைல ஆள் அனுப்பி போல்ட் போட வெச்சீங்க. கூடப் பிறந்த அண்ணன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான்.”

“அது... என் கடமைம்மா.” தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்கப்புறம் தயங்கவில்லை. அவளுக்கு முன்னாலேயே மைதானத்தைக் கடந்து படியேறினார்.

மொட்டை மாடியில் அந்த ஆள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் குந்தி உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டு, அதன் மேல் வெள்ளைக் குழாய், குழாயின் முதுகில் ஒட்டினாற்போல் இன்னொரு சின்னக் குழாய். இவர்களைப் பார்த்ததும் நோட்டை மூடிக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் யாரையும் கேட்கவில்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு கண்ணை வைத்தாள்.

அவளுடைய பால்கனி. தலைகீழாக. பாப்பாவின் குட்டி நாற்காலியும் காயப்போட்ட துண்டும் தலைகீழாகத் தொங்கின.

“பாருங்க சார்! என் வீட்டுத் துண்டுல இருக்கற பூவைக்கூட எண்ணலாம்!”

“என்னங்க இது?” என்றார் செகரெட்டரி.

“இது கம்ப்யூட்டர் டெலஸ்கோப் சார். சனின்னு பட்டனை அழுத்தினா அதுவே திரும்பிக்கும்.”

“சனியைத் தேடி வேற பார்க்கணுமா? எனக்கெல்லாம் அது தானா வீட்டுக்கு வருது.”

சொல்லிவிட்டு செகரெட்டரியே சிரித்துக்கொண்டார்.

“அதுவே திரும்பும்னா பகல்ல என்ன வேலை?” என்றாள் அவள்.

“அது எங்கே நிக்குதுன்னு அதுக்கே தெரியாதும்மா. ஊர், தேதி, நேரம் எல்லாம் நாமதான் சொல்லணும். இருட்டினப்புறம் ரெண்டு நட்சத்திரத்தைக் காட்டி, இது இன்னதுன்னு சொன்னாத்தான் மிச்சத்தைத் தேடும். அதுக்கு இந்தச் சின்னக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கணும். நட்சத்திரம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால வெளிச்சத்திலேயே அசையாத ஒரு பொருளை வெச்சு சரி பண்ணிக்குவாங்க.”

“அசையாத பொருளுக்கு என் பால்கனிதான் கிடைச்சுதா? அதுக்கு மேலே அவ்ளோ பெரிய தண்ணித் தொட்டி இருக்கே!”

அவர் வாயைத் திறந்தார். செகரெட்டரியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“தொட்டியையும் வெச்சுக்கலாம்தான்” என்றார் மெதுவாக.

“கேட்டீங்களா சார்?”

செகரெட்டரி அந்தத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இதைக் கழட்டி எடுத்துடுங்க. இல்லேன்னா கமிட்டியில சொல்லி வீட்டைக் காலி பண்ண வைக்க வேண்டியிருக்கும். குடும்பங்கள் இருக்கற இடம்.”

“சரி சார்.”

அவ்வளவுதான். ஸ்டாண்டின் திருகை அப்போதே தளர்த்த ஆரம்பித்துவிட்டார்.

குற்றம் செய்யாதவன் இவ்வளவு சுலபமாகச் சரி என்பானா? அவளுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கீழே கிடந்த நோட்டை எடுத்தாள்.

“எந்தெந்த வீட்டை எழுதி வெச்சிருக்கார்னு பார்த்துடலாம்.”

“அதெல்லாம் எதுக்கும்மா, வா போகலாம்” என்றார் செகரெட்டரி அவசரமாக.

அவள் பிரித்துவிட்டாள். ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது.

‘திங்கள். எதிர் பில்டிங் மூணாவது மாடி கம்பியை வெச்சு சரி பண்ணினேன். கம்பி அடியில ரெண்டு போல்ட் இல்லை. ஒரு குழந்தை அதுல ஏறி நிக்குது. உடனே செகரெட்டரிகிட்ட சொன்னேன். என் பேரைச் சொல்ல வேண்டாம்னேன், அந்தம்மா தப்பா நினைப்பாங்க. ராத்திரி சனி. வளையம் தெரிஞ்சுது.

செவ்வாய். போல்ட் போடலை. மறுபடி சொன்னேன். மேகம்.

புதன். இன்னும் போடலை. செகரெட்டரி வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். வானம் சுத்தமா இருந்துது. பார்க்க மனசு வரலை.’

அவள் நிமிர்ந்தாள். செகரெட்டரி படியிறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை.

‘வியாழன். ரெண்டு போல்ட்டும் போட்டாச்சு. குழந்தை ஏறி நின்னுது, கம்பி அசையலை. நாளையிலேருந்து தண்ணித் தொட்டி.’