பக்கத்து வீட்டு சிக்னல்

"என் மானத்தோட விலை மாசம் ஐந்நூறு ரூபா, ஆல்பின்! நெட்டுக்குக் காசையும் கட்டிட்டு, திட்டையும் வாங்கிக்கிட்டு இருக்கேன்!"

கேபிள் ஆல்பின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குத்தாலத்தில் உரக்கடை வேதநாயகத்துக்கு முன்னால் கடை, பின்னால் வீடு. தெருவே தன் வைஃபையில் ஓசியில் படம் பார்க்கிறது என்று தெரிந்து, போன வாரம்தான் ஆல்பினைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டு போட வைத்திருந்தார்.

மறுநாளே போனில், அவர் வைஃபை பேருக்குக் கீழே புதிதாக ஒரு பேர் முளைத்தது: 'கஞ்சன்'.

"பக்கத்து வீட்டுப் பகலவன் வேலைதான். ஓசி போன வயித்தெரிச்சல்! நானும் விடல. நம்ம நெட்டுக்கு 'ஓசிக் கிராக்கி'ன்னு பேர் மாத்தச் சொன்னேன்ல? அன்னிக்குச் சாயங்காலமே 'கல்நெஞ்சன்'னு வைக்கிறான்!"

"பேர்தானேண்ணே, விடுங்க."

"என்னத்த விடறது? சம்பா நேரம். யூரியா வாங்க வர்றவன் வாசல்ல போனைத் திறந்தா அதுதான் வருது. படிச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே எதிர்க்கடைக்குப் போயிடறான்!"

ஆல்பின் தன் போனைப் பார்த்தார். "சிக்னல் முழுசா காட்டுதே. பக்கத்து வீட்டுலேருந்து இவ்வளவு வராதுண்ணே."

"நெட்டுப் பெட்டியக் கொண்டுவந்து நம்ம சுவத்துல ஒட்டியிருப்பான், எமகாதகன்."

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லலையே?"

"நானா? என் சம்சாரம் செபஸ்தியே நாலு தடவை கேட்டுட்டா. மூச்சு விடலையே! அவகிட்ட சொன்னா மாதா கோயில் மைக்குல சொன்ன மாதிரி."

"சரி, இப்ப என்ன பேர் வைக்கணும்?"

வேதநாயகம் மீசையைத் தடவினார். "'மானமிருந்தா போ'ன்னு வை."

வைத்தார். கொஞ்ச நேரத்தில் 'கல்நெஞ்சன்' போய் 'போறேன்' வந்தது. பிறகு அதுவும் காணாமல் போனது.

"ஓடிட்டான் பாத்தியா! செபஸ்தி, ஆல்பினுக்கு ஒரு காப்பி போடு!"

உள்ளே சத்தமில்லை.

"தூங்குறா போல. வா, டீ வாங்கித் தரேன்."

டீயும் வடையுமாக வெற்றியைக் கொண்டாடிவிட்டுத் திரும்பினால், வாசலில் பகலவன் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"வாய்யா! போறேன்னு எழுதிட்டு ஏன் வந்தே?"

பகலவன் விழித்தார். "நான் என்னத்தண்ணே எழுதினேன்? அண்ணி பெட்டியோட கொல்லை வழியா வந்தாங்க. மாயவரம் பஸ்ல ஏத்திவிட்டு வர்றேன். நீங்க பாஸ்வேர்டு தரலைன்னு, அவங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் டிவியில சீரியல் பாத்தாங்களாம். அந்தப் பேரெல்லாம் அவங்க வச்சதுதானாம். 'நான் கேட்டது ஒரு பாஸ்வேர்டு, அவர் கொடுத்தது ஒரு போ. இருபத்தெட்டு வருஷக் கணக்கு நேராயிடுச்சு'ன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்கண்ணே."