தண்ணீர் ஊற்றும் பேட்டரி

“ஐயா, இது உயிர் விஷயம். இதுல போய் சிக்கனம் பார்க்காதீங்க” என்றாள் கடைக்காரம்மா. கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் மனைவி ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருக்கிறாள். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். நேற்றும் நின்றது. அவள் மூச்சுக்குத் தவித்த தவிப்பைப் பார்த்தவர், இன்று பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி வாங்கக் கிளம்பி வந்திருந்தார்.

கடைக்காரம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “லித்தியம் சின்னதா இருக்கும். சட்டுனு சார்ஜ் ஏறும். பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். விலை கூடத்தான், இல்லேன்னு சொல்லல.”

“அது வேண்டாம்மா.”

“சரி, இந்த சீல் வச்ச பேட்டரி? இதுக்கும் தண்ணி ஊத்துற வேலை இல்ல. என்ன, ஆயுசு கம்மி.”

“தண்ணி ஊத்துற பேட்டரியே குடுங்க.”

அவளுக்குப் பொறுக்கவில்லை. “அது மோசம்னு சொல்லல. ஆனா சார்ஜ் ஏற நேரமாகும். வாயு வரும், நோயாளி ரூமுக்குள்ள வைக்க முடியாது. தண்ணி வத்திப்போச்சுன்னா ஆபத்து நேரத்துல காலை வாரிவிட்டுரும்.”

“வத்தாம யார் பார்த்துக்குவா?”

“எங்க மெக்கானிக் வந்து ஊத்திட்டுப் போவான்.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாசா மாசம் வருவாரா?”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.”

அவர் முகம் வாடிப்போனது. “மூணு மாசமா? நடுவுல வரவே மாட்டாரா?”

இது என்ன கூத்து என்றிருந்தது அவளுக்கு. ஆள் வராமல் இருக்க என்ன வழி என்று கேட்கிறவர்களைத்தான் இந்தக் கடையில் பார்த்திருக்கிறாள். ஆள் வர வழி கேட்கிறவர் இவர் ஒருவர்தான்.

“வீட்டுல வேற யாரும் இல்லையாங்கய்யா?”

“நாங்க ரெண்டு பேர்தான். காசுக்காகச் சொல்லலம்மா. லித்தியத்துக்கே பணம் கொண்டுவந்திருக்கேன். இது அவ கேட்டது. மூச்சு வாங்க வாங்க ரெண்டு தடவை சொல்லி அனுப்பினா, உங்க கடையிலதான் வாங்கணும், தண்ணி ஊத்துற பேட்டரிதான் வேணும்னு.”

அவள் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவம், பேச்சுத்துணைக்கு ஏங்குகிற வயதான ஜோடி. படுத்த படுக்கையாக இருக்கிறவளுக்கு நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும்.

“சரிங்கய்யா. மாசம் ஒரு தடவை ஆளை அனுப்புறேன். அதுக்குத் தனியா ஒண்ணும் தர வேண்டாம்.”

பெரியவர் கைகூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவள் பின்னறையைப் பார்த்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். நல்ல வேலைக்காரன், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பான். ஆறு வருஷமாக அவளிடம் வேலை பார்க்கிறான், சொந்த ஊர் எது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டு வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.

“ஐயாகிட்ட அட்ரஸ் வாங்கிக்கோ. ஆக்சிஜன் மெஷின் ஓடுற வீடு. இன்னைக்கே மாட்டிரணும்.”

அவன் வாங்கவில்லை. கையிலிருந்த அழுக்குத் துணியைப் பிசைந்துகொண்டே நின்றான். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு எனக்குத் தெரியும்க்கா” என்றவன் பெரியவர் பக்கம் திரும்பினான்.

“அம்மாவுக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு, அப்பா?”