பனியில் ஒரு தூக்கம்

குழந்தைகள் காப்பகத்தின் பின்முற்றத்தில், பனி கொட்டக் கொட்ட, குழந்தை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கடைசி வண்டிக்குள் லெம்லெமின் ஒரு வயது மகள் சாரோன் தூங்குகிறாள். காப்பகத்தில் இன்றுதான் அவளுக்கு முதல் நாள். எரித்திரியாவை விட்டுப் படகில் வந்த இரவு முழுக்க, பிள்ளை விறைத்துவிடக் கூடாதென்று தோலோடு தோலாகக் கட்டி வைத்திருந்தவள் லெம்லெம். "டென்மார்க்குல பிள்ளைங்க எல்லாம் வெளியிலதாம்மா தூங்கும். குளிர்காத்து மாதிரி ஒரு மருந்து உண்டா? உறுதியான மனுஷங்க இப்படித்தான் உருவாகுறாங்க!" என்கிறார் காப்பகத் தலைவி போடில். கம்பளிக் குல்லாய்க்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே அவருடைய மூக்கு மட்டும் சிவந்து தெரிகிறது. லெம்லெமின் கை வண்டியை நோக்கி நீள, கணவன் கிஃப்லோம் அதைப் பிடித்துக்கொள்கிறான்.

"தூக்கிடாத. நாம இந்த ஊருக்கு ஒத்து வரமாட்டோம்னு நெனச்சுருவாங்க. சிரி."

"மூச்சு விடுறாளான்னு மட்டும் பாத்துக்கறேனே."

"சிரிச்சுக்கிட்டே பாரு."

லெம்லெம் சிரிக்கிறாள், பற்கள் தந்தியடிக்கின்றன. போடில் கைகளைத் தேய்த்துக்கொள்கிறார். "அப்பப்பா, இங்க நின்னா செத்தே போயிடுவோம்! உள்ள வாங்க, காப்பி சூடா இருக்கு." அவர் ஓடுகிறார், கிஃப்லோமும் மரியாதைக்குப் பின்னால் போகிறான். லெம்லெம் போர்வையை விலக்கி மகளின் மூக்கடியில் விரலை வைக்கிறாள். விரல் மரத்துக் கிடக்கிறது. மூச்சு படுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியவில்லை. சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போடில் கோப்பையை உயர்த்திக் காட்டி அழைக்கிறார். லெம்லெம் சிரித்த முகம் மாறாமல் குனிந்து, தன் கன்னத்தை வண்டிக்குள், மகளின் மூக்கருகே இறக்குகிறாள்.