பெஞ்சின் நாலாவது கால்

அன்று கோல்ஃப் மைதானத்தில் இருந்தவர்கள்: நானூற்றுப் பன்னிரண்டு பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கிச் செய்த பெஞ்சு ஒன்று, அதன் பெருமை எழுதிய பலகை ஒன்று, ஆள்காட்டிக் குருவி ஒன்று, புல்லில் அதன் முட்டை நான்கு, கொட்டகையிலிருந்து பெஞ்சைத் தூக்கி வந்த ஆட்கள் இருவர்.

“ஐயோ, உன் கால் என் முட்டைமேல் இறங்கப் போகுதே!” என்று குருவி கத்தியது.

பெஞ்சுக்குத் திக்கென்றது. “அண்ணே, என்னால் ஒரு உயிருக்கும் கேடில்லை என்றுதானே உங்கள்மேல் எழுதியிருக்கு?” என்று பலகையைக் கேட்டது.

“எழுதியாச்சு தம்பி. சரிபார்க்கிறது என் வேலையில்லை,” என்றது பலகை.

பெஞ்சு மூச்சைப் பிடித்து அந்தக் காலின் திருகாணியை நெகிழ்த்தியது. கால் கழன்று தள்ளிப்போய் விழுந்தது.

“புதுசாம், லட்சணத்தைப் பார்! இனி உருக்கத்தான் லாயக்கு,” என்று ஆட்கள் பெஞ்சைக் கொட்டகைக்கே திருப்பித் தூக்கினார்கள்.

போகும்போது பெஞ்சு ஒருமுறை எண்ணிப் பார்த்தது. தனக்குக் கால் மூன்று. புல்லில் முட்டை நான்கு.