சங்கிலிப்பாண்டிக்கு ஓய்வு

"நமது நட்சத்திர வீரர் சங்கிலிப்பாண்டி இப்போது ஓய்வில் இருக்கிறார்" என்று மைக்கில் சொன்னதும் மைதானமே கை தட்டியது. ஒரு மனிதன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் கை தட்டும் கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

நானும் தட்டினேன். அவர் என் வீட்டுக்காரர்.

சோழபுரத்துக்குப் பக்கத்தில் கபடிப் போட்டி. போன வருடம் ஒரே நாளில் ஐந்தாவது ஆட்டம் ஆடிய ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. அதனால் இந்த வருடம் கமிட்டி ஒரு விதி போட்டிருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் மூன்று ஆட்டம்தான். மீறினால் டீமே அவுட். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், ஓட்டுப் போட்டவர்களுக்கு வைப்பதுபோல ஒரு விரலில் மை வைத்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே யாரும் இப்படிச் செய்ததில்லை என்று கமிட்டித் தலைவர் கண்ணுச்சாமி காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். 'வீரர் நலனே எங்கள் நலன்' என்று பேனர் வேறு. அதில் வீரர்கள் தபால்தலை அளவுக்கு இருந்தார்கள். கண்ணுச்சாமி ஆள் உயரத்துக்கு நின்றார்.

மூன்று ஆட்டம் ஜெயித்து வந்தால் ஃபைனல் நாலாவது ஆட்டமாக வரும் என்பது விதியை எழுதியபோது அந்த மேதைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்திருக்கிறது. கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ அவர்களெல்லாம் பெஞ்சில் இருப்பார்கள். விதியை மாற்றலாமென்றால் பேனர் அடித்தாயிற்று.

அவர்கள் பாடு. எனக்கு அந்த விதி வேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் எலும்பு டாக்டர் இவருடைய வலது முழங்காலைப் பார்த்துவிட்டு, ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, இன்னொரு தடவை திருகினால் ஆபரேஷன்தான் என்று சொல்லியிருந்தார். அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் செலக்‌ஷன். அதுவரை வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஆளா? எந்த ஊரில் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர். பெண்டாட்டி சொல்லிக் கேட்காததைக் கமிட்டி சொல்லியாவது கேட்கட்டும் என்று நினைத்தேன். மூன்று ஆட்டம் முடிந்து மூன்று விரலிலும் மையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மோர்க் கடை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு நான் பெஞ்சுக்குப் போனபோது ஃபைனல் பாதி ஓடியிருந்தது. ஏழாம் நம்பர் பனியனில், தலையில் ஈரத்துண்டைப் போர்த்திக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இந்தாங்க, குடிங்க" என்று துண்டை விலக்கினேன்.

மாரிச்சாமி. இவர் டீமின் மாற்று ஆட்டக்காரர். ஒல்லியான மனிதர். என் வீட்டுக்காரர் பனியன் அவர் மேல் நைட்டி மாதிரி தொங்கியது.

"மதினி, சத்தம் போடாதிய. அண்ணன் எம்பேருல ஆடிக்கிட்டு இருக்காவ."

எதிர் டீம் பெஞ்சைப் பார்த்தேன். அங்கேயும் ஒருவர் துண்டைப் போர்த்திக் குனிந்திருந்தார். கண்ணுச்சாமியைப் பார்த்தேன். அவர் மைக்கோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

களத்தில் பன்னிரண்டாம் நம்பர் பனியன், தையல் பிரிந்துவிடும்போல இறுக்கமாக. மை தெரியாமல் இருக்க மூன்று விரலிலும் பிளாஸ்டர். ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முதுகையும், தொடையைத் தட்டுகிற அந்தத் தட்டையும் தெரியாதவர் அதில் ஒருவர்கூட இல்லை. "மாரிச்சாமி! மாரிச்சாமி!" என்று வெட்கமில்லாமல் கத்தினார்கள்.

நான் கூப்பிடுவதற்குள் ரெய்டு போய்விட்டார். நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். நடுக்கோட்டைத் தொட உடம்பைத் திருப்பினார். உடம்பு திரும்பியது, வலது கால் திரும்பவில்லை.

அவர் அலறியது கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். ஆனால் விரல் கோட்டைத் தொட்டுவிட்டது. நாலு பாயிண்ட், கோப்பை இவர் டீமுக்குத்தான். அதற்கும் கை தட்டினார்கள்.

"மாரிச்சாமிக்கு லேசான காயம், யாரும் பதற வேண்டாம். சங்கிலிப்பாண்டிக்கு ஓய்வு குடுத்தது எம்புட்டு நல்லதாப் போச்சு பாருங்க!" என்றார் கண்ணுச்சாமி.

ஆம்புலன்சில் இருந்த பெண் நோட்டை விரித்துப் பெயர் கேட்டாள். கண்ணுச்சாமியே ஓடி வந்து மாரிச்சாமி என்று எழுத வைத்தார். நான் ஏறி, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் அதற்குள் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"இவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மைப் பெயர் நோட்டில் ஏறினால் விதியை மீறியது எழுத்தில் வந்துவிடும், கோப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கட்டும். போலீஸ் வேலையே போய்விட்டது. அந்தத் தகரத்தை வைத்து நான் என்ன செய்ய? வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவிய சங்கிலிப்பாண்டி அண்ணன் சம்சாரம். பாவம், தொணைக்கு ஏறிட்டாவ."

வீட்டில் 'ஏட்டி' என்பதைத் தவிர வேறு மாதிரி என்னைக் கூப்பிட்டறியாத மனிதர். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அன்றுதான் எனக்கு இவ்வளவு மரியாதை.

"சொந்தக்காரங்க மட்டும் வந்தாப் போதும்" என்றாள் அந்தப் பெண்.

நான் இறங்கிக்கொண்டேன்.