மங்கலான ஆரஞ்சு

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகள் வழியாக மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. வானியல் ஆய்வாளரான அவள் கணினித் திரையில் தான் ஆராயும் நட்சத்திரத்தைப் பெரிதாக்குகிறாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மங்கலான ஆரஞ்சுப் புள்ளிதான். போனில், அப்பாவோடு வேறு ஊரில் இருக்கும் மகள். "உன் நட்சத்திரம் எப்படிம்மா இருக்கு?" "சூரியனைவிட சூடு கம்மி. ஆனா இருபது மடங்கு பெருசு. வயசானதும் ஊதிப் பெருத்துடுச்சு." "பக்கத்துல யாருமே இல்லையா?" "கிரகம் ஏதாவது இருந்திருக்கலாம். ஊதினப்போ முழுங்கியிருக்கும்." "வேணும்னேவா?" அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கிறாள். "இல்லடி கண்ணு. அதுக்கே தெரியாம." மறுமுனையில் தட்டு வைக்கும் சத்தம், ஒரு பெண்ணின் சிரிப்பு. "சித்தி சாப்பிடக் கூப்பிடுறாங்கம்மா, வைக்கிறேன்." என்ன சாப்பாடு என்று அவள் கேட்பதற்குள் இணைப்பு போய்விடுகிறது. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் போனைக் கீழே வைக்கிறாள்.