அண்ணன் விட்டுப்போன கோப்புகள்
மழை மூட்டம் கட்டிய மதியம், அறைக்குள் லேப்டாப் வெளிச்சம் மட்டும். இறந்துபோன அண்ணனின் பழைய கோப்புகள் அண்ணியின் டேப்லெட்டில் திறக்க மறுக்கின்றன. "அவர் விட்டுட்டுப் போனது எதுவும் என் கைய விட்டுப் போக வேணாம்" என்று அண்ணி சொல்லிவிட்டதால், லேப்டாப்புக்கு எதையும் நகலெடுக்காமல், கோப்புகளை மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றின் மூல நிரலை இறக்கி, அந்த டேப்லெட்டில் ஓடும்படி தங்கை தன் லேப்டாப்பில் கம்பைல் செய்து செயலியாக்குகிறாள். மூன்று முறை பிழை வந்தபோது அவளுக்குள் நிம்மதிதான் எட்டிப் பார்த்தது. இப்போது வரிகள் மளமளவென்று ஓடி, பிழையில்லாமல் நிற்கின்றன. கேபிள் வழியே மென்பொருள் டேப்லெட்டுக்குப் போகிறது. முதல் கோப்பு திறக்கிறது: மருத்துவ அறிக்கை. அதன் தேதியை அண்ணியின் விரல் இரண்டு தடவை தடவுகிறது. "ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. என்கிட்ட மூச்சு விடலையே. உன்கிட்ட சொன்னாரா?" தங்கை திரும்பவில்லை. கேபிளை உருவி விரலில் இறுக்கிச் சுற்றுகிறாள், நுனி வெளுக்கிறது. "சொன்னான் அண்ணி. உங்ககிட்ட சொல்லாதேன்னும் சொன்னான்."